மழைக்காலத்தில் கரண்ட் போனால் கோழிக்குஞ்சுகளைக் காப்பாற்றியது எப்படி

தொண்டிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று கடலிலிருந்து நேராக வீட்டுக்குள் வரும். கரண்ட் போனால் குஞ்சுகள் ஒடுங்கும், அது தெரிந்ததுதான். ஆனால் கரண்ட் வந்து, சூட்டுக்காக மாட்டிய பல்பு எரிந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன, வயிற்று மயிர் ஈரமாக இருந்தது. காலையில் சில செத்துக் கிடந்தன.

பெரிய பல்பு மாட்டினேன். பலனில்லை. தார்ப்பாயால் கொட்டகையின் நான்கு பக்கமும் மூடினேன். எச்சத்தின் நெடி கண்ணை எரித்ததுதான் மிச்சம்.

மழையே இல்லாத இரவுக்குப் பிறகும் தரை மணல் ஈரமாக இருந்ததைப் பார்த்ததும்தான் விஷயம் பிடிபட்டது. கூரை எங்கும் ஒழுகவில்லை. எங்கள் ஊர் வழக்கப்படி போட்டது கடல் மணல். அதிலிருக்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது!

மணலை முழுக்க வாரிவிட்டு, காய்ந்த உமியை மூன்று விரல் உயரம் பரப்பினேன். வடக்கு, கிழக்குப் பக்கம் மட்டும் தார்ப்பாய், தெற்கே மேலே ஒரு சாண் திறப்பு. கரண்ட் போனால், சுடுதண்ணீர் பாட்டில்களைச் சாக்கில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் வைத்து, குஞ்சுகளை அதில் விடுகிறேன். முதல் வாரக் குஞ்சுக்குச் சுமார் 35 டிகிரி வேண்டும், அதனால் ஆற ஆறத் தண்ணீரை மாற்ற வேண்டும். அப்புறம் ஒரு குஞ்சும் சாகவில்லை, நிம்மதி.