நெல்லை வெயிலுக்கு வெள்ளை ஒயின்: வாங்குவதும் குளிர வைப்பதும்

சித்திரை பிறந்துவிட்டால் பாளையங்கோட்டையில் ராத்திரி ஒன்பது மணிக்கும் சுவரில் கை வைக்க முடியாது. இந்தச் சூட்டில் வெள்ளை ஒயின் குடித்துப் பார்க்க நினைப்பவர்கள் திராட்சையின் பேரைத்தான் முதலில் கேட்கிறார்கள். அந்தப் பாட்டில் இதுவரை எந்தச் சூட்டில் கிடந்தது என்பது அதைவிட முக்கியம்.

1. வகை

புளிப்பு தூக்கலாக, ஆல்கஹால் குறைவாக இருக்க வேண்டும். புளிப்பு வாயில் எச்சில் ஊற வைக்கும். குடித்ததும் வரும் குளுமைக்குப் பாதிக் காரணம் அதுதான். சோவின்யோன் பிளாங் என்ற திராட்சையில் செய்த ஒயின் பச்சை வாசமும் எலுமிச்சைச் சாயலும் உள்ளது. என் முதல் தேர்வு அதுவே. செனின் பிளாங் என்ற திராட்சையின் ஒயின் அதைவிட மென்மை. சுலா நிறுவனம் இரண்டையும் நாசிக்கில் தயாரிக்கிறது. போர்ச்சுகலின் வின்யோ வெர்தே கிடைத்தால் விடாதீர்கள், மிக லேசானது. ஓக் மரப் பீப்பாயில் ஊறிய ஷார்டனே திராட்சை ஒயின் இந்த வெயிலுக்குக் கனம். மார்கழிக்கு வைத்துக்கொள்ளலாம்.

லேபிளில் இருக்கும் ஆண்டு திராட்சை அறுவடையான ஆண்டு. மகாராஷ்டிரத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. இந்த லேசான ரகங்களை இளசாகவே குடிக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு மேல் பழையதை எடுக்காதீர்கள்.

2. பாட்டிலைப் பார்ப்பது

வாங்கும்போது இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். ஒயின் சூடானால் விரியும், விரிந்தால் தக்கையைத் தள்ளும். அதனால் தக்கை பாட்டில் வாயைவிட மேலே எழும்பியிருக்கிறதா, கழுத்தில் பிசுபிசுவென்று வழிந்த தடம் இருக்கிறதா, மற்ற பாட்டில்களைவிட மட்டம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். நிறம் வெளிறிய மஞ்சளாக இருக்க வேண்டும். பழுப்பு தட்டியிருந்தால் வேண்டாம். வாசலோரம் வெயில் படும் அலமாரியில் நிற்கும் பாட்டிலைத் தொடவே தொடாதீர்கள். ஏசி உள்ள கடைதான் நல்லது.

நான் திருகு மூடி பாட்டில்களையே வாங்குகிறேன். திறக்கத் தனிக் கருவி வேண்டாம், மிச்சத்தை மூடி வைக்கவும் வசதி.

வாங்கியதும் நேரே வீட்டுக்கு வாருங்கள். மதியம் மூடிக் கிடக்கும் காருக்குள் சூடு 50 டிகிரியைத் தாண்டும். வண்ணார்பேட்டையில் இன்னொரு வேலை இருந்தால் அதை முடித்துவிட்டு அப்புறம் ஒயின் வாங்கலாம்.

3. குளிர வைப்பது

8 முதல் 10 டிகிரி சரியான பதம். ஃபிரிட்ஜில் மூன்று மணி நேரம் போதும். எடுத்துப் பத்து நிமிஷம் வெளியே வைத்தால் வாசம் எழும். கூடுதலாகக் குளிர்ந்த ஒயினில் வாசமே வராது.

அவசரம் என்றால் ஒரு வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், இரண்டு கைப்பிடி கல் உப்பு. பாட்டிலைக் கழுத்து வரை முக்குங்கள். இருபது நிமிஷம் போதும். வெறும் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே காற்று நிற்கும், குளிர் மெதுவாகத்தான் ஏறும். தண்ணீர் ஊற்றினால் அது பாட்டிலை எல்லாப் பக்கமும் தொடும். உப்பு அந்தத் தண்ணீரைப் பூஜ்யத்துக்கும் கீழே இறக்கும்.

4. ஊற்றுவது, சாப்பாடு

நம் ஊரில் கிளாஸில் இருப்பது சீக்கிரமே சூடாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், பாட்டில் வாளியிலேயே இருக்கட்டும். காம்பு வைத்த கிளாஸ் என்றால் கைச்சூடு ஏறாது.

சொதிக்கும் செனின் பிளாங்குக்கும் நல்ல பொருத்தம்: தேங்காய்ப்பாலின் கொழுப்பை அந்தப் புளிப்பு வெட்டும். நெத்திலி வறுவலுக்கு சோவின்யோன் பிளாங். காரமான மீன் குழம்பு என்றால் லேசாக இனிப்புள்ள ரீஸ்லிங் எடுங்கள். ஆல்கஹால் காரத்தைக் கூட்டும், இனிப்பு அதைத் தணிக்கும்.

கூடவே அதே அளவு தண்ணீர் குடியுங்கள். ஒயின் உடம்பிலிருந்து நீரை வெளியேற்றும். வெயில் காலத்தில் இது விளையாட்டில்லை. குடித்தபின் வண்டி எடுக்கவே கூடாது.

பின்சேர்க்கை

கிளாஸில் ஐஸ் போடலாமா என்று பலர் கேட்டிருந்தார்கள். ஐஸ் உருகினால் புளிப்பு நீர்த்துப்போகும். விதையில்லாத பச்சைத் திராட்சையை ஃப்ரீசரில் உறைய வைத்து நாலு போடுங்கள். பாட்டிலையே ஃப்ரீசரில் வைத்து மறந்தால் ஒயின் உறைந்து விரிந்து கண்ணாடியை உடைத்துவிடும், அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். திறந்த பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும்.