மைக் போடும் முன் பங்குத்தாள்: டெல்டாவில் சின்னதாக ஒரு பாட்டு நிறுவனம் நடத்த

கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கம்ப்யூட்டரும் மைக்கும் இருந்தால் கிராமியப் பாட்டு வெளியிட்டுவிடலாம். பாட்டு ஓடவும் செய்யும். ஆனால் காசு வரும்போதுதான் யாருக்கு எவ்வளவு என்ற பஞ்சாயத்து கிளம்பும்.

ஒரு பாட்டுக்குள் தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. வரி எழுதியவருக்கு ஒன்று, மெட்டமைத்தவருக்கு ஒன்று, பதிவான ஒலிக்கு இன்னொன்று. ஒலிப்பதிவு உரிமை தயாரிப்பாளருக்கு, அதாவது பதிவை எடுக்க முன்முயற்சியும் பொறுப்பும் ஏற்றவருக்கு. எனவே பாடகர் வந்து உட்காருவதற்கு முன்பே ஒரு பங்குத்தாள் போடுங்கள். அதில் பாட்டின் தலைப்பு, பல்லவியின் முதல் அடி, ஒவ்வொருவரின் பெயர் (பான் கார்டில் உள்ளபடி), என்ன வேலை, எத்தனை சதவீதம், தேதி, கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். கூட்டினால் சரியாக 100 வர வேண்டும். வரிக்குப் பாதி, மெட்டுக்குப் பாதி என்று வைத்தால் பேச்சு சுலபமாக முடியும். உறுமிக்காரர், தவில்காரருக்குப் பெரும்பாலும் அன்றைய சம்பளம்தான். அதையும் அதே தாளில் குறித்துவிடுங்கள்.

உரிமையை எழுதி வாங்குகிறவர்கள் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் காலம் போடாவிட்டால் ஐந்து வருடம்தான். எந்த நாட்டுக்கு என்று போடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கேட்கிற பாட்டுக்கு இது பெரிய ஓட்டை. வாங்கிய உரிமையை ஒரு வருடம் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாதவரை, அது கைவிட்டுப் போய்விடும். இது போக, 2012 திருத்தத்துக்குப் பிறகு பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியை (பாட்டைப் பயன்படுத்துவதற்கு வரும் பங்குத்தொகையை) மொத்தமாக எழுதிக் கொடுக்க முடியாது. வாங்கியவரோடு சமபங்கு அவர்களுக்கு உண்டு. ‘ஐயாயிரம் கொடுத்தேன், எல்லாம் என்னுடையது’ என்ற பேச்சு செல்லாது.

நம் பக்கம் அதிகம் சிக்குவது பழைய பாட்டில்தான். நடவுப்பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, இவற்றுக்கெல்லாம் எழுதியவர் பெயர் தெரியாது; யார் வேண்டுமானாலும் பாடலாம். அதை உங்கள் பெயரில் பதிவு செய்யாதீர்கள். ‘மரபுப் பாடல்’ என்று போட்டு, நீங்கள் சேர்த்த சரணங்களை மட்டும் உங்கள் வரி என்று காட்டுங்கள். பாட்டி ஒருவர் வயலில் பாடியதை அப்படியே பதிவு செய்தால், பாடியவர் என்ற உரிமை அவருக்கு இருக்கிறது. கையெழுத்தும் பணமும் இல்லாமல் வெளியிடாதீர்கள்.

பங்குனி, சித்திரையில் திருவிழாக் குழுக்கள் அம்மன் பாட்டு கேட்டு வருவார்கள். பாதிப் பணம் முன்னால் வாங்குங்கள். ஊர்ப் பெயர், தலைவர் பெயர், உபயதாரர் பெயர் எல்லாவற்றையும் ஒரே சரணத்தில் அடக்கி, அதைத் தனி ட்ராக்கில் பதிவு செய்யுங்கள். அப்போதுதான் அந்தச் சரணத்தை எடுத்துவிட்டுப் பொதுப் பாட்டாகவும் வெளியிடலாம். பெயர்களின் வரிசையைக் குழுவே எழுதிக் கொடுக்கட்டும்; யார் பெயர் முதலில் வந்தது என்பதற்கே ஊர் இரண்டாகும். ரசீதில் ‘திருவிழாவில் ஒலிபரப்ப அனுமதி, உரிமை எழுதியவர்களிடம்’ என்று ஒரு வரி போதும். கோயில் சடங்கிலும் கல்யாண ஊர்வலத்திலும் பாட்டுப் போடுவதற்குச் சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது. அந்த ஒலிபெருக்கிகளிலிருந்து ராயல்டி வரும் என்று கணக்குப் போடாதீர்கள்.

பதிவில் முதலில் சுருதி. நீளமான பாரி நாதஸ்வரம் பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக் கட்டையில் இருக்கும் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு). பாடகருக்கு வசதி என்று ஒரு கட்டையில் ட்ராக் போட்டுவிட்டு நாதஸ்வரக்காரரைக் கூப்பிட்டால் அன்றைய கூலி வீண். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பறைத் தோல் தொய்ந்துவிடும். வெளியே காய்ச்ச நெருப்பும் இடமும் வேண்டும். பறைக்கு மைக்கை நாலடி தள்ளி வைத்து, உச்சம் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாமல் எடுங்கள். உடைந்த ஒலியை மிக்சிங்கில் ஒட்ட முடியாது.

வெளியீட்டுக்கு 24 பிட் வேவ் கோப்பு, 3000-க்கு 3000 பிக்சல் அட்டைப்படம். ஆடி மாதப் பாட்டை ஆனி நடுவிலேயே, பாட்டை இணையத் தளங்களில் ஏற்றித் தரும் விநியோக நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள். ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் அனுப்பினால் திருவிழா முடிந்துதான் வெளியாகும். ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணை, அதாவது ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உள்ள தனி அடையாள எண்ணை, குறித்து வையுங்கள். விநியோக நிறுவனம் மாறும்போது அதே எண்ணைக் கொடுக்காவிட்டால் கேட்ட கணக்கு இரண்டாகப் பிரியும். எல்லோரும் பயன்படுத்தும் ரெடிமேட் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் தயார் இசைத் துண்டு) உள்ள பாட்டை, அடுத்தவர் வீடியோவில் உங்கள் ஒலி இருந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூப் கன்டென்ட் ஐடியில் போடாதீர்கள். அடுத்தவர் வீடியோவுக்கெல்லாம் உங்கள் பெயரில் உரிமைக்கோரல் போய், கடைசியில் உங்கள் கணக்குக்கே சிக்கல் வரும்.

வரிக்கும் மெட்டுக்குமான ராயல்டியை வசூலிப்பது ஐ.பி.ஆர்.எஸ். என்ற பதிப்புரிமைச் சங்கம். அதில் உறுப்பினராவதோடு வேலை முடிந்ததென்று விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு பாட்டையும் பங்குத்தாளில் உள்ள சதவீதத்தோடு தனியாகப் பதிய வேண்டும். எழுத்துக்கு எழுத்து பெயர் பொருந்தாவிட்டால் பணம் உரியவரைத் தேடி அங்கேயே நிற்கும். யூடியூபில் அமெரிக்க வருமான வரிப் படிவத்தையும் நிரப்பிவிடுங்கள்: அமெரிக்காவில் பார்த்தவர்கள் மூலம் வரும் பங்குக்கு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி 15 சதவீதம் பிடிப்பார்கள், படிவமே கொடுக்காவிட்டால் மொத்த வருமானத்திலும் கை வைக்கலாம்.