ஒன்சென் குளத்தில் தலைசுற்றாமல் குளிப்பது எப்படி

ஜப்பானில் இயற்கை வெந்நீர் ஊற்றுக்கு ஒன்சென் என்று பெயர். அந்நாட்டின் 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஊற்றுவாயில் நீர் 25 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் பட்டியலிலுள்ள 19 பொருட்களில் ஒன்றாவது குறித்த அளவில் கலந்திருக்க வேண்டும். குளிக்கும் குளத்தில் பெரும்பாலும் 40 முதல் 42 டிகிரி சூடு இருக்கும். சொம்பில் மொண்டு ஊற்றும்போது சுகமாக இருக்கிற அதே சூடு, கழுத்துவரை மூழ்கியதும் வேறு ஆளாகிவிடும். நிறையப் பேர் ஒரே மூச்சில் அரை மணி நேரம் ஊறிவிட்டு, தள்ளாடிக்கொண்டு எழுகிறார்கள். கொஞ்ச நேரம் ஊறி, கரையேறி உட்கார்ந்து, மறுபடி இறங்குவதுதான் சரியான முறை. உடம்பு இளகுவது பெரும்பாலும் அந்தக் கரையில்தான்.

சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகட்டும். மது அருந்தியிருந்தால் அன்றைக்கு வேண்டாம். போகுமுன் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போகக் கூடாது, குளத்தில் படலம் மிதக்கும். அன்று காலை சவரம் செய்த தோலில் அமில நீர் பட்டால் சுள்ளென்று எரியும். குசாட்சு என்ற ஒன்சென் ஊரின் ஊற்றுநீருக்குக் காரகாடித்தன்மை எண் (pH) ஏறக்குறைய 2, அதாவது எலுமிச்சைச் சாறுக்குப் பக்கம்.

வெள்ளி நகைகளைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். மெட்டி, கொலுசு, குழந்தையின் அரைஞாண் எதுவானாலும் கந்தக நீரில் கறுத்துப்போகும். மறந்துவிட்டால் பயமில்லை, மேலே படிந்த கறைதான். விபூதி போட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும்.

வாசலில் தொங்கும் திரை ஆண்களுக்கு நீலம், பெண்களுக்குச் சிவப்பு என்பது வழக்கம். நிறத்தை மட்டும் நம்பாமல் எழுத்தையும் பாருங்கள்: ஆண் என்பதற்கான எழுத்தின் தலையில் நான்கு கட்டம் போட்ட சதுரம் இருக்கும். சில விடுதிகளில் இரவுக்கும் காலைக்கும் இரு பக்கத்தையும் மாற்றிவிடுவார்கள். நேற்று போன நினைப்பில் நுழைந்தால் வம்பு.

உள்ளே துணியில்லாமல்தான் குளிக்க வேண்டும். கூச்சமாக இருந்தால் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் தனிக் குளத்தைக் கேளுங்கள். பச்சை குத்தியவர்களை அனுமதிக்காத இடங்களும் உண்டு, முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

குளம் அழுக்குத் தேய்க்கிற இடமல்ல. ஓரத்திலுள்ள குட்டை முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு, நுரை துளியும் இல்லாமல் அலசுங்கள். நின்றுகொண்டு குளித்தால் பக்கத்து ஆள்மேல் தெறிக்கும். பிறகு குளத்து நீரையே சின்ன வாளியில் மொண்டு பாதம், முழங்கால், இடுப்பு, தோள் என்று கீழிருந்து மேலாகப் பத்துத் தடவை ஊற்றுங்கள். இதைக் காகேயு என்பார்கள். இதைத் தவிர்த்துவிட்டுச் சட்டென்று இறங்கினால் ரத்த அழுத்தம் எகிறும். குளிர்காலத்தில் இன்னும் ஆபத்து.

நீண்ட கூந்தலை முடிந்துகொள்ளுங்கள். சின்னத் துண்டை நீரில் நனைக்காமல், மடித்துத் தலைமேல் வையுங்கள். முதலில் இடுப்பளவு நீரில் இரண்டு மூன்று நிமிடம். பிறகு தோள்வரை ஐந்து நிமிடம். நெற்றியில் வியர்வை அரும்பினால் நேரமாகிவிட்டது என்று அர்த்தம். வெளியே வந்து ஐந்து நிமிடம் உட்காருங்கள். இப்படி மூன்று சுற்று போதும். ஓய்வுதான் நோக்கம் என்றால் 38 முதல் 40 டிகிரிக் குளத்தைத் தேர்ந்தெடுங்கள். 42-க்கு மேல் போனால் உடம்பு இளகாது, முறுக்கிக்கொள்ளும்.

எழும்போதுதான் விபத்து நடக்கிறது. சூட்டில் ரத்தக்குழாய்கள் விரிந்திருக்கும், நீரின் அழுத்தமும் விலகிவிடும். ரத்தம் காலுக்கு இறங்கி, தலைக்குக் குறைந்துபோகும். ஆகவே விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முதலில் அதில் உட்கார்ந்து, பிறகு எழுந்திருங்கள். கண் இருட்டினால் அங்கேயே படுத்துக் காலை உயர்த்தி வையுங்கள்.

அழுகிய முட்டை நாற்றம் வீசும் கந்தகக் குளியலறையில் குளிர் அடிக்கிறதென்று சன்னலைச் சாத்தாதீர்கள். அந்த வாயு நச்சு. மூக்கு அதற்குப் பழகிவிடுவதால், நாற்றம் தெரியவில்லை என்பது வாயு இல்லை என்பதற்கு அடையாளமாகாது.

காய்ச்சல், இதயக் கோளாறு, கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

முடிந்ததும் உடை மாற்றும் அறைக்குப் போகுமுன் சின்னத் துண்டால் உடம்பைத் துடைத்துக்கொள்ளுங்கள், அங்கே தரை நனையக் கூடாது. தாது தோலில் தங்கட்டும் என்று பலர் மறுபடி அலசுவதில்லை. அமில நீராக இருந்து, உங்களுக்கு மெல்லிய தோல் என்றால் அலசிவிடுங்கள். வழுவழுவென்ற கார நீரில் குளித்தால் தோலின் எண்ணெய்ப் பசை போய்விடும், தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து, அரை மணி நேரம் சும்மா கிடங்கள். முதல் நாள் இப்படி ஒன்றிரண்டு குளியலுக்கு மேல் போனால் மறுநாள் உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருக்கலாம். அதற்கு அவர்கள் யுஅதாரி என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.