முன்னாள் படைவீரர் இரட்டையர் பதிவேடு: பல வருடம் குழப்பமின்றி நடத்த

முன்னாள் படைவீரரான இரட்டையரின் உடல்நலத்தைப் பல வருடம் தொடர்ந்து பதியும் அமெரிக்காவின் வியட்நாம் கால இரட்டையர் பதிவேட்டில், 1939 முதல் 1957 வரை பிறந்த ஏறத்தாழ 7,000 ஆண் ஜோடிகள் இருக்கிறார்கள். அதுபோல ஒன்றைச் சென்னையில் நடத்துகிறவர்கள் முதலில் பயப்பட வேண்டியது, ஒரே ஆள் இருமுறை பதிவானதாக நினைத்துப் பதிவுகளைத் தானாக ஒன்றாக்கும் மென்பொருள் வசதிக்குத்தான். ஒரே அப்பா, ஒரே இனிஷியல், ஒரே பிறந்த தேதி. சிலருக்கு ஒரே கதவு எண். தம்பியின் சர்க்கரையும் அண்ணனின் மாரடைப்பும் ஒரே ஆளுக்குப் போய்விடும். அந்த வசதியை நிறுத்திவிட்டு, சந்தேகப் பதிவுகளை ஒரு மனிதர் பார்க்கட்டும்.

ஜோடி எண்ணுக்குப் பின் 1 அல்லது 2 சேர்த்து அடையாளம் கொடுங்கள். அதைக் குலுக்கலில் முடிவு செய்யுங்கள். யார் முதலில் பிறந்தார் என்பதற்குத் தனிக் கட்டம். ராணுவ சர்வீஸ் நம்பரையும் வாங்குங்கள். ஆனால் ஜேசிஓ (சிப்பாய்களுக்கு மேலான இளநிலை அதிகாரி) ஆனதும் அது மாறும் என்பதால் பழையதை அழிக்காமல், புதியதைத் தேதியோடு கீழே சேர்க்க வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் உத்தேசமாகப் போட்ட பிறந்த தேதி இருவருக்கும் வேறாக இருக்கலாம். திருத்தாதீர்கள், இரண்டும் இருக்கட்டும்.

ஒரு கரு இரட்டையரா (ஒரே கருமுட்டை இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்களா) என்று அறிய, "சின்ன வயதில் உங்களை வீட்டாரே மாற்றிக் கூப்பிட்டார்களா?" என இருவரையும் தனித்தனியே கேளுங்கள். இத்தகைய கேள்விகள் சுமார் 95 சதவீதம் சரியாக வரும். ரத்த வகை வேறாக இருந்தால் மறுபரிசோதனை செய்து, அப்போதும் வேறென்றால் இரு கரு என்றே பதியலாம். ஒன்றாக இருப்பது எதையும் நிரூபிக்காது. பதில்கள் முரண்பட்டால் டிஎன்ஏ.

வருடாந்திரத் தொலைபேசியை நவம்பரில் வையுங்கள். ஆயுள் சான்றிதழுக்காகப் பலர் பென்ஷன் காகிதங்களை வெளியே எடுத்திருப்பார்கள். ஒருவரின் தொலைபேசி எண்ணை அவர் சகோதரர் நமக்குக் கொடுக்கட்டும். ஆனால் ஒருவரின் எண்ணை மற்றவருக்கு நாம் கொடுக்கக் கூடாது. பேசாத சகோதரர்கள் நிறைய.

ஒருவரின் ரத்த மாதிரிக் குப்பிகளை இரண்டு மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர்களில் பிரித்து வையுங்கள். தரைத்தளம் வேண்டாம், 2015 டிசம்பர் வெள்ளம் போதும். பரிசோதிக்கும்போது மட்டும் ஜோடி ஒரே தொகுப்பில் போக வேண்டும். இல்லாவிட்டால் ரசாயனத் தொகுப்பின் வேறுபாடு சகோதரர்களின் வேறுபாடாகத் தெரியும்.

ஒருவர் விலகினால் மற்றவரின் பதிவு நிற்கலாம். ஆனால் ஒரு கரு ஜோடியில், இருப்பவரின் மரபணுவே விலகியவரின் மரபணுவும். இதை ஒப்புதல் படிவத்தில் தமிழில் எழுதி, சேரும் நாளிலேயே இருவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.