துப்பாக்கி உரிம மசோதா: அமெரிக்கச் செய்திகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2021 ஜனவரியில், டெக்சாஸைச் சேர்ந்த ஷீலா ஜாக்சன் லீ அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் எச்.ஆர். 127 என்ற மசோதாவைக் கொண்டுவந்தார். துப்பாக்கி வைத்திருக்க நாடு முழுவதும் உரிமம், ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பதிவு, உளவியல் பரிசோதனை, 24 மணி நேரப் பயிற்சி, ஆண்டுக்கு 800 டாலர் காப்பீட்டுக் கட்டணம் எல்லாம் அதில் இருந்தன. "இனி வருஷத்துக்கு 800 டாலர் கட்டணும்" என்ற பேச்சும் உடனே கிளம்பிவிட்டது. மசோதாவோ சபையின் ஆய்வுக் குழுவைக்கூடத் தாண்டவில்லை. 2009இல் பாபி ரஷ் என்ற உறுப்பினர் கொண்டுவந்த இதேபோன்ற உரிம மசோதாவான எச்.ஆர். 45க்கும் இதே கதிதான்.

மசோதாவைச் சட்டம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. குழு, பிரதிநிதிகள் சபை, மேலவையான செனட், அதிபரின் கையெழுத்து என்று அது போக வேண்டிய தூரம் அதிகம். செனட்டில் நடைமுறையில் 100க்கு 60 பேர் ஆதரவு தேவைப்படும். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் இரண்டாண்டுக் காலம் முடிந்தால், நிறைவேறாத மசோதாவும் அதோடு முடிந்துவிடும். காங்கிரஸின் இணையதளத்தில் மசோதா எண்ணைப் போட்டால் அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பகிர்வதற்கு முன் தயவுசெய்து அதைப் பாருங்கள்.

அடுத்து, உரிமத்தையும் பதிவையும் ஒன்றாகக் குழப்புவது. நம் ஊர் வழக்கில் சொன்னால் ஓட்டுநர் உரிமம் வேறு, ஆர்.சி. புத்தகம் வேறு. உரிமம் ஆளுக்கு, பதிவு பொருளுக்கு. ஒன்று இல்லாமல் மற்றொன்று இருக்கலாம். கனடா 2012இல் நீளத் துப்பாக்கிகளுக்கான (ரைஃபிள், ஷாட்கன்) பதிவேட்டை ஒழித்தது. உரிம முறையை அப்படியே வைத்துக்கொண்டது. எனவே ஒருவர் "நான் எதிர்க்கிறேன்" என்றால் எதை என்று கேளுங்கள். என்னைக் கேட்டால், ஆளுக்கு உரிமம் என்பது நியாயமான ஏற்பாடு. ஆனால் பதிவேட்டைப் பொதுமக்கள் எல்லோரும் பார்க்கலாம் என்று எச்.ஆர். 127இல் இருந்த பிரிவை என்னால் ஏற்க முடியாது. யார் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்பது திருடனுக்கும் தெரிந்துவிடும்.

இன்னொரு தவறு இரண்டு பக்கமும் உண்டு. "அரசிடம் ஏற்கெனவே முழுப் பட்டியல் இருக்கிறது" என்பார் ஒருவர், "பதிவே கிடையாது" என்பார் மற்றவர். இரண்டும் சரியல்ல. இயந்திரத் துப்பாக்கி, சத்தமடக்கி, குழல் குட்டையான ரைஃபிள் போன்றவற்றை 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிய வேண்டும். கைத்துப்பாக்கிகளும் அந்தச் சட்டத்தின் முதல் வரைவில் இருந்தன. நிறைவேறும் முன் நீக்கிவிட்டார்கள். சாதாரணத் துப்பாக்கிகளுக்குத் தேசியப் பதிவேடு வைக்க 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டது.

அப்படியானால் ஒரு கொலையில் கிடைத்த துப்பாக்கி யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் இதற்கென ஒரு மையம் இருக்கிறது. துப்பாக்கியின் வரிசை எண்ணை வைத்துத் தயாரிப்பாளரைக் கேட்பார்கள், அவர் மொத்த வியாபாரியைச் சொல்வார், அவர் கடையைச் சொல்வார். வாங்கியவர் நிரப்பிய 4473 படிவம் அந்தக் கடையில்தான் இருக்கும். மூடிய கடைகளின் தாள்கள் மட்டும் மையத்துக்கு வந்துசேரும். படங்களாகச் சேமித்து வைத்தாலும் ஆள் பெயரைப் போட்டுத் தேட முடியாது. அந்தத் துப்பாக்கி பிறகு கைமாறியிருந்தால் சங்கிலி பெரும்பாலும் முதலில் வாங்கியவரோடு அறுந்துவிடும். பதிவு வேண்டும் என்பவர்களின் முக்கிய வாதம் இதுதான். அரசை நம்பாதவர்களோ இதே இடைவெளியைத்தான் பாதுகாப்பாகப் பார்க்கிறார்கள்.

வாங்குபவருக்குக் குற்றப் பின்னணி போன்ற தடை உண்டா என்று பார்க்கும் பின்னணிச் சோதனையே உரிமம் என்று நினைப்பவர்களும் உண்டு. 1998 முதல் நடக்கும் அந்தச் சோதனை, உரிமம் பெற்ற கடையில் வாங்கும் நேரத்தில் நடப்பது. ஒரே மாநிலத்தில் தனிநபருக்குத் தனிநபர் விற்றால் மத்திய சட்டம் அதைக் கேட்பதில்லை. சில மாநிலங்கள் மட்டும் கேட்கின்றன.

அரசியல் சாசனத்தைப் பற்றியும் அவசரத் தீர்ப்பு வேண்டாம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு ஹெல்லர் தீர்ப்பு, துப்பாக்கி வைத்திருப்பது தனிநபர் உரிமை என்றது. அது வரம்பில்லாத உரிமை அல்ல என்றும் சொன்னது. அதே நீதிமன்றத்தின் 2022ஆம் ஆண்டு ப்ரூயன் தீர்ப்பு, வெளியே கைத்துப்பாக்கி கொண்டுசெல்ல "தகுந்த காரணம்" காட்டச் சொன்ன நியூயார்க் விதியை ரத்து செய்தது. எல்லா உரிமங்களையும் அல்ல.

கடைசியாக, அங்கே வாழும் நம்மவர்களுக்கு. தேசிய உரிமம் இல்லை என்பதால் எந்த உரிமமும் தேவையில்லை என்று இருந்துவிடாதீர்கள். இல்லினாயில் 1968 முதல் உரிம அட்டை முறை உண்டு. ஹவாயில் துப்பாக்கியைப் பதிய வேண்டும். மிசூரி, வாங்கும் அனுமதிச் சீட்டை 2007இல் கைவிட்டது. மாநிலம் மாறினால் விதியும் மாறும். அப்புறம், எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க மத்திய சட்டமே தடை விதிக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அவை உங்களுக்குப் பொருந்துமா என்பதை வாங்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.