வயல்வெளிப் படங்களில் ஒளியையும் நிறத்தையும் திருத்தும் முறை

தஞ்சை வட்டாரத்தில் நடவு முடிந்த வயலை விடியற்காலையில் படமெடுத்தால், வானம் வெளுத்தும் வரப்பு இருண்டும் பதிவாவது வழக்கம். இதைத் திருத்தப் படம், கேமரா சென்சார் பதிவுசெய்த தரவைப் பெரிதும் அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) கோப்பாக இருப்பது நல்லது. ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு வண்ணத்திற்கும் 256 படிகளே இருக்க, 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள் இருப்பதால், இருண்ட பகுதியை உயர்த்தும்போது நிறம் எளிதில் திட்டுத்திட்டாக உடைவதில்லை.

லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் முதலில் ஒயிட் பேலன்ஸை (படத்தின் நிறச் சமநிலையை) சரிசெய்யுங்கள். மென்பொருள் தானாகத் தரும் மதிப்பு விடியலின் இளமஞ்சளைப் பிழையென்று கருதி நீக்கிவிடக்கூடும் என்பதால், 5500 கெல்வின் நிறவெப்பநிலையில் தொடங்கி, அன்று கண்ணால் கண்ட நிறம் வரும்வரை சிறிது சிறிதாக நகர்த்துவதே சரி. அடுத்து ஹைலைட்ஸை (வெளிச்சமான பகுதிகளை) குறைத்து, ஷேடோஸை (இருண்ட பகுதிகளை) ஓரளவு மட்டும் உயர்த்துங்கள். நிழலே இல்லாத வயல் தட்டையாகிவிடும். வானத்துக்கு மட்டும் லீனியர் கிரேடியன்ட் (ஒரு பக்கமாகப் படிப்படியாகத் தேயும் திருத்தம்) இட்டு வெளிச்சத்தை அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இருமடங்கு மாறும் அளவு) குறைக்கலாம். தென்னை மரங்கள் அதற்குள் நீட்டிக்கொண்டிருந்தால் அவற்றை மாஸ்கிலிருந்து (திருத்தம் படியும் பகுதியிலிருந்து) கழித்துவிடுங்கள். இல்லையேல் உச்சி மட்டும் கருகியதுபோல் தெரியும்.

பச்சைதான் பலரும் சறுக்கும் இடம். இளம்பயிரின் பச்சையில் மஞ்சள் மிகுதி என்பதால், ஒவ்வொரு நிறத்தையும் தனியே மாற்ற உதவும் கலர் மிக்சரில் பச்சை ஸ்லைடரைவிட மஞ்சள் ஸ்லைடருக்கே அது பெரும்பாலும் இசைந்துகொடுக்கும். மஞ்சளின் ஹியூவை (நிறச்சாயலை) பச்சைப் பக்கம் 10 அளவுக்குத் தள்ளி, சாச்சுரேஷனை (நிறச்செறிவை) சற்றுக் குறைத்தால் பயிர் பிளாஸ்டிக்போல் மின்னுவது அடங்கும். வயலில் நிற்கும் கொக்கின் வெள்ளையில் பச்சை படிந்திருந்தால், ஒயிட் பேலன்ஸில் உள்ள டின்ட்டை (பச்சை–மெஜந்தா அளவை) மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) பக்கம் சிறிது நகர்த்துங்கள்.