வீட்டு சர்வருக்கு எவ்ளோ ராம் போடணும்? அளந்து பாத்துட்டு வாங்குங்க

போன வருஷம் ஒரு பழைய ஆபீஸ் மினி பிசி வாங்கி, டெபியன்ங்கற லினக்ஸ் ஓஎஸ் போட்டு, வீட்டுல எல்லாருக்கும் படம், போட்டோ, ஃபைல் குடுக்குற வீட்டு சர்வரா ஓட விட்டேன். 8 ஜிபி ராம். ஒரு நாள் சும்மா மெமரி எவ்ளோ காலியா இருக்குன்னு பாத்தா 180 எம்பி தான் காட்டுது. பதறிப்போயி அன்னைக்கு சாயங்காலமே இன்னொரு 8 ஜிபி வாங்கிட்டு வந்து சொருகுனேன், வீட்டுல எல்லாரும் படம் பாத்தாங்க, போட்டோ ஏத்துனாங்க, ரெண்டு நாள் கழிச்சு பாத்தா மறுபடியும் 200 எம்பி தான் காலி! அப்பத்தான் புரிஞ்சுது, மெஷினுக்கு ஒண்ணும் ஆகல, எனக்குத்தான் அந்த நம்பரப் படிக்கத் தெரியல. 2025 கடைசில இருந்து ராம் விலை ஏறுன ஏத்தத்துக்கு நீங்களும் அந்த மாதிரி தண்டம் அழ வேணாம், அதான் இத எழுதுறேன்.

1. என்ன ஓடப்போகுதுன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க

மெமரின்னு நான் சொல்றது ராம மட்டும் தான், படம் பாட்டு எல்லாம் கெடக்குற ஹார்ட் டிஸ்க் கணக்கு வேற. எத்தனை டிபி டிஸ்க் இருக்குங்கறத விட என்ன வேலை நடக்குதுங்கறது தான் ராமுக்கு முக்கியம். என் லிஸ்ட்: விளம்பரத்த தடுக்க பை-ஹோல், படம் பாக்க ஜெல்லிஃபின், ஃபைலுக்கு நெக்ஸ்ட்கிளவுட், ஃபோன் போட்டோவுக்கு இம்மிச். எல்லாம் டாக்கர்ல, அதாவது ஒவ்வொரு புரோகிராமையும் தனித்தனி டப்பால வெச்சு ஓட்டுற முறைல. "பின்னாடி வேணும்னா பாத்துக்கலாம்"னு நெனைக்கிறதையும் எழுதுங்க, ஆனா தனியா, ஏன்னா அதுல முக்காவாசிய நாம செய்யவே மாட்டோம்.

2. இப்ப இருக்குற மெஷின்லயே ஓட்டிப் பாருங்க

பழைய லேப்டாப் இருந்தாலும் போதும், அதுல லிஸ்ட்ல இருக்குறத எல்லாம் போட்டு ஒரு வாரம் விடுங்க. அப்புறம் டெர்மினல்ல ஃப்ரீ -ஹெச்னு (free -h) கமாண்ட் குடுங்க. டோட்டல், யூஸ்டு, ஃப்ரீ, ஷேர்டு, பஃப்/கேச், அவைலபிள்னு வரிசையா வரும். நான் மாட்டுனது ஃப்ரீங்கற கட்டத்துல. பாக்க வேண்டியது கடைசில இருக்குற அவைலபிள்.

ஏன்னா லினக்ஸ் ராம சும்மா வெச்சிருக்காது. டிஸ்க்ல இருந்து ஒரு தடவை படிச்ச ஃபைல, திரும்ப கேப்பீங்களோன்னு காலியா இருக்குற எடத்துல வெச்சுக்கும், அதான் கேச். காலித் திண்ணைல வழிப்போக்கன் உக்காந்திருக்குற மாதிரி தான், வீட்டுக்காரர் வந்தா எந்திரிச்சு எடம் விட்ருவான். ஒரு புரோகிராம் மெமரி கேட்டா கேச கலைச்சு அதுக்கு குடுத்துரும். இப்படி தேவைப்பட்டா எவ்ளோ கெடைக்கும்னு போட்ட மதிப்பு தான் அவைலபிள். என் மெஷின்ல ஃப்ரீ 180 எம்பி காட்டுன அன்னைக்கு அவைலபிள் 4 ஜிபிக்கு மேல இருந்திருக்கும், நான் அந்தப் பக்கமே பாக்கல.

விண்டோஸ்னா கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அழுத்தி டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் போயி மெமரியத் தட்டுங்க. அங்கயும் அவைலபிள் இருக்கு. ராம் சொருகுற ஸ்லாட் எத்தனை யூஸ் ஆவுதுன்னும் அங்கயே தெரியும்.

ஒரு விஷயம், சும்மா இருக்கும்போது அளக்காதீங்க. இம்மிச் எடுத்துக்கோங்க, அது போட்டோல முகத்த அடையாளம் கண்டுபிடிக்க மாடல்கள ராமுல ஏத்தும், வேலை இல்லன்னா கொஞ்ச நேரத்துல இறக்கிடும். அதனால கல்யாண ஆல்பம் ஒண்ணு மொத்தமா அப்லோட் ஆகும்போது, இன்னொருத்தர் டிவில படம் பாத்துக்கிட்டு இருக்கும்போது டாக்கர் ஸ்டாட்ஸ் (docker stats) கமாண்ட ஓட விட்டுப் பாருங்க, ஒவ்வொண்ணும் எவ்ளோ தின்னுதுன்னு தனித்தனியா காட்டும். அந்த உச்ச நம்பர குறிச்சு வெச்சுக்கோங்க.

ஸ்வாப்புல, அதாவது ராமுக்கு துணையா டிஸ்க்ல ஒதுக்குன எடத்துல, கொஞ்சம் போயிருந்தா பயப்பட வேணாம், ரொம்ப நாள் தொடாதத அங்க தள்ளிவிடும். ஆனா விஎம்ஸ்டாட் 5னு (vmstat 5) குடுத்தா 5 செகண்டுக்கு ஒரு வரி வரும், அதுல எஸ்ஐ (ஸ்வாப்ல இருந்து ராமுக்கு வர்றது), எஸ்ஓ (ராம்ல இருந்து ஸ்வாப்புக்கு போறது) ரெண்டு கட்டமும் விடாம ஓடிக்கிட்டே இருந்தா ராம் உண்மையாவே பத்தல. அதுக்கும் மேல போனா ஓஎஸ்ஸோட மையமான கெர்னலே ஒரு புரோகிராம கொன்னுரும், டிமெசேஜ் (dmesg) லாக்ல அவுட் ஆஃப் மெமரின்னு எழுதி வெச்சிருக்கும்.

3. கூட்டிப் பாருங்க

என் வீட்டு உச்சக் கணக்கு இது, உங்களுக்கு மாறும். டெஸ்க்டாப் இல்லாத டெபியன் 0.3 ஜிபி, பை-ஹோல் 0.1, டிவிக்கு ஏத்த மாதிரி படத்த மாத்தி அனுப்பும்போது ஜெல்லிஃபின் 1, டேட்டாபேஸோட நெக்ஸ்ட்கிளவுட் 0.8, இம்மிச்சும் அது கூட ஓடுற துணை புரோகிராம்களும் சேத்து 3. ஆக 5.2 ஜிபி. கைல இருக்கட்டும்னு இதோட கால்வாசி சேத்தா 6.5. அதுக்கு மேல கடைல கெடைக்கிற அளவு 8. அதாவது நான் ஓடிப்போயி வாங்குன ரெண்டாவது 8 ஜிபி இப்பவும் கேசா தான் கெடக்கு. வீண்னு சொல்லல, ஆனா அவசரமே இல்ல. விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும்.

4. ரெண்டு எடத்துல மட்டும் கணக்கு மாறும்

ஒண்ணு விர்ச்சுவல் மெஷின் (விஎம்), அதாவது ஒரு கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர். டாக்கர்ல எல்லாம் ஒரே கெர்னல பங்கு போட்டுக்கும், விஎம்ல ஒவ்வொண்ணுக்கும் தனி ஓஎஸ், அதனால நேரா கூட்டுங்க. விண்டோஸ் 11க்கு குறைஞ்சபட்சம் 4 ஜிபின்னு மைக்ரோசாஃப்ட் சொல்லுது, நிம்மதியா ஓட 8 குடுங்க. இந்த மாதிரி ரெண்டு விஎம்னா 32 ஜிபி பக்கம் போறது தப்பில்ல.

இன்னொண்ணு இசட்எஃப்எஸ், டிஸ்க்ல ஃபைல்கள அடுக்கி வெக்கிற ஒரு முறை. ஒரு டிபி டிஸ்குக்கு ஒரு ஜிபி ராம்னு ஒரு வாய்ப்பாடு சுத்திக்கிட்டு இருக்கு, அது சட்டம் இல்ல. ஆர்க்னு அதுக்கு சொந்தமா ஒரு கேச் உண்டு, நெறைய இருந்தா நெறைய எடுத்துக்கும், கம்மியா இருந்தா வேகம் கொஞ்சம் கம்மியாகும், அவ்ளோதான். வேடிக்கை என்னன்னா ஃப்ரீ கமாண்ட்ல இந்த ஆர்க், பஃப்/கேச் கட்டத்துல வராது, யூஸ்டுல வரும், அதப் பாத்து தான் பல பேர் அலறுறாங்க. இசட்எஃப்எஸ்ல ஓடுற ட்ரூநாஸ்ங்கற சர்வர் ஓஎஸ் போடுறதா இருந்தா குறைஞ்சது 8 ஜிபி கட்டாயம். ஒரே டேட்டா பல எடத்துல இருந்தா ஒண்ணா வெச்சுக்குற டீடூப்ங்கற ஆப்ஷன மட்டும் ஆன் பண்ணாதீங்க, அது ராம குடிச்சிரும், வீட்டுக்கு தேவையும் இல்ல.

5. வாங்கறதுக்கு முன்னாடி மதர்போர்ட பாருங்க

டிடிஆர்3, 4, 5னு ராமுல தலைமுறை இருக்கு, ஒண்ணுக்கொண்ணு சேராது, ராம் ஓரத்துல வெட்டு இருக்குற எடமே வேற. மினி பிசிக்கு பெரும்பாலும் லேப்டாப்ல போடுற சின்ன சோடிம் தான் வேணும், நான் முதல்ல நீளமான டெஸ்க்டாப் ராம தூக்கிட்டு வந்து அசடு வழிஞ்சு திரும்பிப் போயி மாத்துனேன். டிஎம்ஐடீகோட் (dmidecode) கமாண்ட்ல எத்தனை ஸ்லாட், எந்த வகை, அதிகபட்சம் எவ்ளோன்னு வரும், இருந்தாலும் கம்பெனி போட்ட மேனுவலையும் ஒரு தடவை பாத்துருங்க. இன்டெல் என்100 சிப் போட்ட மெஷின்கள்ல பல மாடல்ல ஒரே ஸ்லாட் தான், பின்னால இன்னொண்ணு சேக்கலாம்ங்கற பேச்சே இல்ல. ராஸ்பெர்ரி பைங்கற குட்டி கம்ப்யூட்டர்ல ராம் போர்ட்லயே ஒட்டி வரும், அங்க மட்டும் கணக்குல வந்தத விட ஒரு படி மேலயே வாங்குங்க.

சர்வர்னு பேர் வெச்சிருக்கோமேன்னு செகண்ட் ஹேண்ட்ல மலிவா கெடைக்கிற ரெஜிஸ்டர்டுங்கற பெரிய சர்வர்களுக்கான ராம வாங்கிடாதீங்க, சாதா போர்ட்ல அது பூட்டே ஆகாது.

6. சொருகுனதும்

ராம சோதிக்கிற மெம்டெஸ்ட்86+ங்கற புரோகிராம பென்டிரைவ்ல போட்டு பூட் பண்ணி ராத்திரி முழுக்க ஓட விடுங்க. காலைல ஒரே ஒரு எரர் காட்டுனாலும் கடைல திருப்பிக் குடுத்துருங்க, கெட்ட ராம் போட்டோவ எல்லாம் சத்தமில்லாம கெடுத்து வெச்சிரும். அதுவரைக்கும் பில்ல பத்திரமா வெச்சுக்கோங்க.